தேசவழமையில் உடைமையும் ஆளுகையும்: சில அடிப்படைச் சட்டக் கருத்துகளின் வரலாறு

சட்டத்துறையில் எழுதுவினைஞராகவோ, சட்ட உதவியாளராகவோ, நொத்தாரிசாகவோ பணியாற்றப் பயில முற்படும் மாணவர் வழக்குகளைக் கற்பதற்கு முன்னர்ச் சொற்களைக் கற்றல் வேண்டும். ஆதனம் என்பது யாது, அதற்கு உரித்தாளர் யாவர், அதனைக் கைமாற்றும் அதிகாரம் எவரிடத்து உள்ளது, அக்கைமாற்றம் எவ்வடிவில் நிகழ்ந்தாற் செல்லும் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கூறும் சொற்களே எந்தவொரு சட்ட முறைமைக்கும் அத்திவாரமாக அமைகின்றன. வட இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரையில் இவ்வினாக்களுக்கான விடை பெரும்பாலும் தேசவழமை என்னும் சட்டத்தினுள் அடங்கியுள்ளது.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகியன நம்மவர் இல்லங்களில் நாளாந்தம் வழங்கும் சொற்கள். இவை குறிக்கும் உரிமைகள் தொன்றுதொட்டு மாறாது வந்தவை என்னும் எண்ணமும் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து இவ்வெண்ணம் பொருந்துவதன்று. ஒல்லாந்தர் காலத்தில் ஒருமுறையும், பிரித்தானியர் காலத்திற் பலமுறையும் இச்சொற்களின் பொருள் வரையறுக்கப்பட்டது. வரையறுக்கப்பட்ட ஒவ்வொரு வேளையிலும் அது ஓரளவு மாறவும் செய்தது. இம்மாற்றங்களினூடே ஒரு வேறுபாடு தெளிவாகப் புலப்படுகின்றது. ஓர் ஆதனம் ஒருவருக்கு உடைமையாக இருத்தல் வேறு. அதனை அவர் தம் விருப்பப்படி ஆளுதல் வேறு. தேசவழமை பெண்ணுக்கு உடைமையைத் தாராளமாக அளித்தது. ஆளுகையை அவ்வாறு அளிக்கவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றி எவ்வாறு நிலைபெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கம் ஏட்டில் ஏறிய வரலாறு

1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், சுதேசிகளின் ஆதன வழக்குகளை அவர்தம் வழக்கத்தின்படியே தீர்க்க விழைந்தனர். எனினும் அவ்வழக்கம் எழுத்தில் இருக்கவில்லை. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறுபடக் கூறப்பட்டமையால் நீதி வழங்குவோர் இடர்ப்பட்டனர். இந்நிலையிலேயே தேசாதிபதி கோர்ணேலிஸ் யொவான் சைமன்ஸ் 1706 இல் இவ்வழக்கங்களைத் தொகுக்குமாறு பணித்தார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்து அனுபவம் பெற்றிருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அப்பணியை மேற்கொண்டு 1707 சனவரியில் நிறைவேற்றினார். ஒல்லாந்த மொழியில் எழுதப்பெற்ற இத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டதன் பின்னர் அது நீதிமன்றங்களுக்கு வழிகாட்டும் ஏடாயிற்று.

இத்தொகுப்பின் பிறப்பில் இரண்டு உண்மைகள் நோக்கற்பாலன. முதலாவது, வழக்கத்தைக் கூறியோர் தமிழர். எழுதியவர் ஒல்லாந்த அதிகாரி. தமிழ் வாயிலாகக் கேட்டது ஒல்லாந்த மொழியிற் பதிந்து, மீளத் தமிழாகி, பிற்காலத்தில் ஆங்கிலமாகிய பின்னரே இன்றைய நீதிமன்றங்களை வந்தடைந்தது. இரண்டாவது, அதனைச் சரிபார்த்த பன்னிருவரும் நிலவுடைமையும் அரச பதவியும் உடைய ஆடவர். பெண்ணொருத்தியோ, நிலமற்றவர் ஒருவரோ அச்சபையில் இருக்கவில்லை. இதே ஏட்டில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றுள்ளமை இதனை நன்கு விளக்கும். காணியையும் நகையையும் போன்று மனிதரையும் ஆதனமாகக் கொண்ட ஒரு சமூகத்தின் வழக்கமே அங்குப் பதிவாயிற்று. அடிமை முறை 1844 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதோடு அவ்விதிகள் செயலிழந்தன. எழுதப்பட்ட வழக்கமும் நீக்கப்படக்கூடியதே என்பதற்கு இதுவே முதற்சான்று எனலாம்.

மூவகை ஆதனம்

தேசவழமையின் அடித்தளம் ஆதனத்தை மூன்றாக வகுக்கும் பகுப்பாகும். கணவன் தன் முன்னோரிடமிருந்து பெற்று மணவாழ்விற்குக் கொணர்வது முதுசம். மனைவி தன் பெற்றோரிடமிருந்து பெற்றுக் கொணர்வது சீதனம். இருவரும் மணவாழ்வின்போது ஈட்டுவது தேடியதேட்டம். ஐசாக்ஸின் தொகுப்புக் கூறும் பழைய முறைப்படி, தந்தையின் முதுசம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் சென்றடைந்தது; தேடியதேட்டம் இருசாராருக்கும் பொதுவாயிற்று. தாயின் உடைமை மகளுக்கு என்னும் இவ்வமைப்பில் மலையாள தேசத்து மருமக்கட்டாய முறையின் எச்சங்களைக் கண்ட அறிஞரும் உளர்.

ஆயின் அத்தொகுப்பே இம்முறை தன் காலத்தில் தளர்ந்துவிட்டதெனவும் கூறுகின்றமை குறிப்பிடத்தக்கது. ஆட்சிகள் மாறியமையால், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், சீதனம் தாயின் சீதனத்திலிருந்து மாத்திரமன்றித் தந்தையின் முதுசத்திலிருந்தும் தேடியதேட்டத்திலிருந்தும் வழங்கப்படலாயிற்று என அது பதிவு செய்கின்றது. எனவே, 1707 இல் ஏட்டிலேறியது ஆதிகால வழக்கமன்று. ஒருமுறை மாறி, மேலும் மாறிக்கொண்டிருந்த வழக்கத்தின் ஒரு கட்டமேயாகும். ஓடுகின்ற ஆற்றில் ஓரிடத்தே அணையிட்டு அதுவே ஆறு என்று கூறியதை ஒத்தது அச்செயல்.

சீதனம் என்னும் கருத்து இங்குச் சிறிது விரிவாக நோக்கப்பட வேண்டும். இன்றைய பேச்சு வழக்கில் அது மணமகன் வீட்டார் கேட்டுப் பெறும் பொருளைக் குறிப்பதாயிற்று. சட்டத்தின் கண் அதன் பொருள் வேறு. சீதனம் மகளுக்கு வழங்கப்படும் ஆதனம்; அது அவளுடைய தனியுடைமை. பெற்றோரின் ஆதனத்தில் அவளுக்குரிய பங்கு முற்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்படுகின்றது என்பதே அதன் உட்பொருள். ஆகவேதான் சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைதல் வேண்டும் என்றும், எஞ்சிய ஆதனத்தில் உடன்பிறந்தாருடன் பங்கு கோரலாகாது என்றும் தேசவழமை விதித்தது. வழங்கப்பட்ட சீதனக் காணியைப் பத்தாண்டுகளுக்குள் கைக்கொள்ளாதுவிடின் உரிமை இழக்கப்படும் என்னும் விதியும் அத்தொகுப்பில் உண்டு. சீதன ஓலை ஒன்றைப் பெட்டியிற் பூட்டி வைத்தல் போதாது. காணியில் இறங்கி ஆட்சி கொள்ளல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

இனி, ஆளுகையைப் பற்றி அதே ஏடு கூறுவதைக் காண்போம். கணவன் தான் கொணர்ந்த முதுசத்தில் பத்தில் ஒரு பங்கு வரையில் மனைவி மக்களின் சம்மதமின்றியே பிறர்க்கு நன்கொடையாக அளிக்கலாம். மனைவியோ கணவனின் விருப்பிற்கு அமைந்தவளாதலால் அவனது சம்மதமின்றி எதனையும் கொடுத்தலாகாது. தன் சீதனத்திற்கு முழு உரித்தாளியாகிய ஒருத்தி அதில் ஒரு சிறு பங்கையேனும் தானே கொடுக்கும் அதிகாரம் அற்றவளாயினாள். உடைமையும் ஆளுகையும் பிரிந்து நின்ற நிலை இங்கே முதன்முதலாக எழுத்தில் தோன்றுகின்றது.

ஓலையிலிருந்து உறுதிக்கு

பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் இத்தொகுப்புக்கு முழுச் சட்ட வலுவளித்தனர். யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்' குடிகளுக்கு இடையிலான வழக்குகளும், அக்குடிகளுள் ஒருவர் எதிராளியாக உள்ள வழக்குகளும் இதன்படி தீர்க்கப்பட வேண்டுமென அது விதித்தது. மலபார் என்பது ஐரோப்பியர் தமிழரைக் குறிக்க வழங்கிய பெயர் என்பது யாவரும் அறிந்ததே. இதனால் 'யாழ்ப்பாணத்துக் குடி' யார் என்பது நீதிமன்றங்களில் ஒரு பெரும் வினாவாயிற்று. தமிழராயிருத்தல் மாத்திரம் போதாது. வட மாகாணத்தை நிரந்தர வாழிடமாகக் கொண்ட தொடர்பும் வேண்டும் என்பதே தீர்ப்புகளின் போக்காக அமைந்தது. மட்டக்களப்புத் தமிழரையோ மலையகத் தமிழரையோ தேசவழமை ஆள்வதில்லை என்பதை மாணவர் மறத்தலாகாது.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் கைமாற்றத்தின் வடிவத்தை மாற்றியது. அசைவற்ற ஆதனத்தின் விற்பனை, ஈடு, நன்கொடை முதலியன நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்ட உறுதியாக இருந்தாலன்றிச் செல்லா என அது விதித்தது. ஊரறிந்த சொல்லும் ஓலையும் பெற்றிருந்த இடத்தை நொத்தாரிசின் உறுதி பெற்றது. சீதன உறுதி, அறுதி உறுதி, நன்கொடை உறுதி, ஒற்றி உறுதி என இன்று எழுதுவினைஞர் பழகும் ஆவணங்கள் யாவும் இவ்விதியின் வழிவந்தவையே.

ஒற்றி என்பது கடனுக்கான வட்டிக்கு ஈடாகக் காணியின் வருவாயைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்கும் ஏற்பாடாகும். இதனோடு இணைத்துக் கற்க வேண்டிய பிறிதொரு கருத்து முன்வாங்கும் உரிமை. காணியை விற்க விரும்புவோர் அதனைப் பங்காளர், உரிமைக்காரர், ஒற்றி கொண்டுள்ள அயற்காணிக்காரர் ஆகியோருக்கு முதலில் அறிவித்தல் வேண்டும் என்பது பழைய வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில், கொமாண்டர் புளொம் நாள் முதலாக, தனித்தனி அறிவித்தலுக்குப் பதிலாகத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் பகிரங்கமாகக் கூறும் முறை வந்ததெனத் தொகுப்புக் கூறுகின்றது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளர்க்கும் உரிமைக்காரர்க்குமாகச் சுருக்கியது. அயலவன் என்ற தகுதி ஒன்றினால் மாத்திரம் இவ்வுரிமையைக் கோரும் நிலை அதனோடு முடிவுற்றது.

1911 ஆம் ஆண்டுச் சட்டம்

யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமாக வெளிவந்தது. பழைய சொற்களுக்கு இது புதிய வரைவிலக்கணம் தந்தது. பெற்றோர் அல்லது மேல்வழி முன்னோர் இறந்தவிடத்து வழியுரிமையாக வருவது முதுசம். ஏனைய உறவினர் இறந்தவிடத்து வருவது உரிமை. ஐசாக்ஸின் ஏட்டில் கணவன் கொணர்ந்த ஆதனத்தைக் குறித்த முதுசம் என்னும் சொல் இப்போது ஆண் பெண் இருபாலாரும் பெறத்தக்கதாயிற்று. ஒரு பெண்ணுக்கும் முதுசம் உண்டு என்பது சட்டத்தில் ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்றது.

அத்துடன் மணமான பெண்ணின் ஆதனம் அவளது தனியாதனம் எனவும், கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது எனவும் இச்சட்டம் ஏற்றுக்கொண்டது. எனினும் 6 ஆம் பிரிவு ஒரு தளையையும் இட்டது. அசைவற்ற ஆதனத்தை அவள் தன் வாழ்நாளிற் கைமாற்றுவதாயின் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். மரணசாதனத்தின் மூலமாயின் அச்சம்மதம் வேண்டியதில்லை. இறந்த பின்னர் தன் காணி யாரைச் சேர வேண்டுமெனத் தானே தீர்மானிக்க வல்லவளாகிய ஒருத்தி, உயிரோடு இருக்கும் காலத்தில் அதனை விற்க வல்லவளல்லள்.

இத்தளையைத் தமிழரின் தொன்மை வழக்கமெனவே பலரும் கருதுகின்றனர். வரலாறு இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. கணவனுக்கு மனைவி அமைந்தவள் என்னும் கருத்து 1707 ஆம் ஆண்டு ஏட்டில் உண்டு என்பது உண்மையே. ஆயின் 6 ஆம் பிரிவின் சட்ட வடிவம் பிறிதோரிடத்திலிருந்து வந்தது. கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் ஆகியோரை ஒழித்து, நாட்டின் ஏனையோருக்காக ஆக்கப்பட்ட 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம், மணமான பெண்ணின் அசைவற்ற ஆதனத்திற்கு இதே சம்மத விதியைக் கொண்டிருந்தது. அதன் அச்சே 1911 இல் யாழ்ப்பாணத்திற்கும் பயன்படுத்தப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டத்திற்கு உட்பட்ட பெண்களை இத்தளையிலிருந்து விடுவித்தது. அச்சட்டமும் தேசவழமைக்கு உட்பட்டோரை விலக்கியே இயற்றப்பட்டது. எனவே எவ்விடத்திலிருந்து விதி எடுக்கப்பட்டதோ அவ்விடத்தில் அது மறைந்தது. எடுத்து நடப்பட்ட இடத்தில் நிலைத்து நின்றது. பிறரின் பழைய சட்டம் நமது வழக்கம் என்னும் பெயரிற் பேணப்பட்டதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

தேடியதேட்டத்தின் இருமுறை மாற்றம்

1911 ஆம் ஆண்டுச் சட்டம் தேடியதேட்டத்தை இரு வகையாக வரையறுத்தது. விவாகம் நிலவும் காலத்திற் கணவனோ மனைவியோ பெறுமதியான பிரதிபயனுக்குப் பெற்ற ஆதனம் ஒன்று. அவர்தம் ஆதனங்களிலிருந்து அக்காலத்திற் கிடைத்த வருவாய் மற்றொன்று. இருவருள் எவர் பெற்றிருப்பினும் அது இருவருக்கும் சம பங்காக உரியது.

இவ்வரைவிலக்கணம் ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது. மனைவி தன் சீதனப் பணத்தைக் கொண்டு ஒரு காணி வாங்கினால் அக்காணி சீதனமா, தேடியதேட்டமா? 1920 இல் நல்லையா எதிர் பொன்னையா வழக்கில் அத்தகைய ஆதனம் தனியாதனமே எனக் கொள்ளப்பட்டது. 1933 இல் அவிச்சி செட்டியார் எதிர் இராசம்மா வழக்கில் உயர் நீதிமன்றம் இதற்கு மாறாகத் தீர்த்தது. பிரதிபயன் கொடுத்துப் பெறப்பட்டமையால் அது தேடியதேட்டம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதன் விளைவு பாரதூரமானது. சீதனம் பணமாகக் கொடுக்கப்பட்டு, அப்பணம் காணியாக மாறிய மறுகணமே அதன் பாதி கணவனுடையதாகியது. கணவனுக்குக் கடன் கொடுத்தவரின் கை அப்பாதி வரை நீளவும் இடமாயிற்று. கணவன் முகாமையாளன் என்ற முறையிற் தேடியதேட்டத்தை விற்கவும் ஈடுவைக்கவும் வல்லவனாதலால் எஞ்சிய பாதியின் நிலையும் பாதுகாப்பானதன்று.

இக்குறையை நீக்கும் முகமாக 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வாண்டு யூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. தனியாதனத்தின் பகுதியாகவோ அதன் மாற்றுருவாகவோ அமையாத பிரதிபயனைக் கொண்டு வாங்கப்பட்ட ஆதனமே தேடியதேட்டம் என அது திருத்தியது. சீதனப் பணம் காணியாகியபோதும் சீதனமாகவே நிற்க வழி பிறந்தது. ஆயின் திருத்தம் பிறிதொன்றையும் செய்தது. தேடியதேட்டம் 'அவ்விருவருடையது' என்ற நிலை மாறி 'ஒரு துணைவரின் தேடியதேட்டம்' என்ற நிலை வந்தது. அவர் இறக்கும்போது, வேறு வகையிற் கைமாற்றப்படாது எஞ்சியிருப்பதில் பாதி மற்றத் துணைவரையும் ஏனைய பாதி வழியுரிமையாளரையும் சேரும்.

நீதிமன்றங்கள் இத்திருத்தத்தை ஒருபடித்தாக வாசிக்கவில்லை. எனினும் அதன் சொற்களை நேராக நோக்குமிடத்து ஒரு முரண் புலனாகும். சீதனம் கொணர்ந்த பெண்ணுக்கு இத்திருத்தம் அரண். சீதனமோ சம்பளமோ இன்றி வீட்டையும் தோட்டத்தையும் பேணி உழைத்த பெண்ணுக்கு அது இழப்பு. கணவன் பெயரில் வாங்கப்பட்ட காணியில் அவளது உழைப்பும் கலந்துள்ளது. பழைய ஏடு 'இருவரும் தேடியது' என அவ்வுழைப்பை மதித்தது. புதிய சட்டம் பணத்தின் ஊற்றைத் தேடியதே தவிர உழைப்பின் ஊற்றைத் தேடவில்லை.

கையொப்பம் இல்லாத உறுதி

இவை யாவும் ஏட்டுச் சிக்கல்களன்று. 6 ஆம் பிரிவின் கடுமையைத் தணிக்க 8 ஆம் பிரிவு ஒரு வழியை வைத்துள்ளது. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேற் சிறையிலிருந்தாலோ, சித்த சுவாதீனமற்றவனாயினாலோ, அவன் இருக்குமிடம் தெரியாவிடினோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மனைவி மாவட்ட நீதிமன்றில் மனுச்செய்து அனுமதி பெறலாம்.

1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பின்னர் 'இருக்குமிடம் தெரியாமை' என்னும் அச்சொற்றொடர் வடக்கின் எண்ணற்ற இல்லங்களின் கதையாயிற்று. கணவன் காணாமற்போன ஒருத்தி தன் தாய் தந்த சீதனக் காணியை மகளுக்கு எழுதிக் கொடுக்க நொத்தாரிசை நாடினால், முதலில் எழும் வினா கணவனின் கையொப்பம் பற்றியதே. அவன் இறந்துவிட்டான் எனப் பதிவு செய்ய அவள் மனம் ஒப்பாள். உயிரோடிருக்கிறான் எனக் காட்டவும் அவளால் இயலாது. காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கு 2010 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2016 ஆம் ஆண்டின் திருத்தம், மரணச் சான்றிதழுக்கு மாற்றாக 'காணப்படாமைச் சான்றிதழ்' பெற வழி செய்தது. தன் காணியைத் தானே ஆளும் அதிகாரம் தொடக்கத்திலேயே அவளுக்கு இருந்திருப்பின், உறுதி ஒன்றை முடிப்பதற்காகத் தன் துயரை நீதிமன்றில் எடுத்துரைக்கும் நிலை அவளுக்கு நேர்ந்திராது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கின்றது. அதே அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, அதற்கு முன்னிருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்படினும் செல்லும் என்கின்றது. நூறாண்டு கடந்தும் 6 ஆம் பிரிவு நின்றமைக்கு இதுவே அரணாயிற்று.

முடிவுரை

சட்டப் பணி பயிலும் மாணவருக்கு இவ்வரலாறு தரும் படிப்பினை தெளிவானது. ஓர் உறுதியைக் கையிலெடுக்கும்போது அவர் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. உரித்தாளர் தேசவழமைக்கு உட்பட்டவரா? விவாகம் எவ்வாண்டில் நிகழ்ந்தது? ஆதனம் 1911 இற்கு முன்னரா, 1947 இற்கு முன்னரா, பின்னரா பெறப்பட்டது? அதனை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? கைமாற்றுபவர் பெண்ணாயின் அவருக்கு இச்சட்டம் பொருந்துமாறு யாது? தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால் அவ்விவாகம் நிலவும் வரை அவள் அச்சட்டத்தின் கீழ் இராள்; உட்படாத பெண் உட்பட்ட ஆணை மணந்தால் அவள் அதன் கீழ் வருவாள் என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. முதுசம், தேடியதேட்டம் என்னும் சொற்களை ஆண்டுக்கணக்கின்றிக் கற்பவர் பாதிச் சட்டத்தையே கற்றவராவார்.

சமூகத்திற்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தாயின் நிலம் மகளுக்கு என்று கூறிய மரபு நம்முடையது. தாயும் மகளும் அந்நிலத்தைத் தாமே ஆளலாகாது எனத் தடுத்த விதியின் பெரும்பகுதி பிறர் நாட்டு அச்சில் வார்க்கப்பட்டது. அடிமை பற்றிய அதிகாரத்தைத் தேசவழமையிலிருந்து நீக்கியதால் தேசவழமை அழிந்துவிடவில்லை. கையொப்பத் தளையை நீக்குவதாலும் அது அழியாது. உடைமையை அளித்த வழக்கம் ஆளுகையையும் அளிக்குமாயின், அது தன் தொன்மையான நெறிக்கு மேலும் நெருங்கியதாகவே அமையும்.